ஒரே மெட்டு... ஊரே பாட்டு!

'திவாலி'ன்னு ஒரு ஆல்பம். ஏதோ இந்திப் பட பாட்டுன்னு நினைச்சீங்கன்னா, ஸாரி பாஸ்... இது ஜமைக்கா சரக்கு!

2002-ல் லண்டன் கம்பெனியான க்ரீன்ஸ்லீவ்ஸ் வெளியிட்டது. ஷான் பால், வெய்ன் வொண்டர், பவுன்டி கில்லர், எலிஃபன்ட் மேன்னு ஆளாளுக்கு ஒரு பாட்டு. ஆனா, கேட்க ஆரம்பிச்சா ரெண்டாவது பாட்டுலயே 'என்னடா, சிடி சுத்தாம நின்னுடுச்சா?'ன்னு டவுட் வரும். ஏன்னா, எல்லாப் பாட்டுக்கும் பின்னால ஒரே இசை. படபடன்னு அதே கைத்தட்டல்!

அந்த ஊர்ல இதுக்குப் பேர் 'ரிடிம்'. டிரம்ஸ், பேஸ் எல்லாம் சேர்த்து ஒருத்தர் இசையைத் தயார் பண்ணிடுவார். அது மேல பத்து, பதினைஞ்சு பேர் அவங்கவங்க வரிகளைப் போட்டுப் பாடுவாங்க. டான்ஸ் நடக்கற இடத்துல தாளம் நிக்காம ஒரு பாட்டுல இருந்து அடுத்ததுக்குத் தாவுவாங்க. இசை ஒண்ணுதான்ங்கறதால, யார் வார்த்தைல விளையாடறாங்கன்னு உடனே தெரிஞ்சிடும். 2003-ல் ஷான் பாலோட 'கெட் பிஸி' அமெரிக்காவோட பில்போர்டு பட்டியல்ல நம்பர் ஒன் ஆனது இந்த 'திவாலி' ரிடிம்லதான்!

நமக்கு இது புதுசா என்ன? ஆவடி லோக்கல்ல ஏறிப் பாருங்க. ஜன்னலோரத் தகரத்துல ஒருத்தன் தாளம் தட்ட, மெக்கானிக்கல் ஒரு கானா எடுத்து விடும். அம்பத்தூர் வர்றதுக்குள்ள அதே மெட்டுல சிவில் பதில் கொடுக்கும். பாரதியாரே நந்தனார் சரித்திர மெட்டுல விடுதலைப் பாட்டு எழுதினவர்தானே!

ஆனா, ஒரு வித்தியாசம் இருக்கு. பாரதியார் பாட்டு மேல எந்த வர்ணமெட்டுன்னு குறிப்பு இருக்கும். 'திவாலி' இசையைப் போட்டவர் ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன். 'கெட் பிஸி'யை எழுதினவங்கன்னு ஷான் பாலோட இவர் பேரும் சேர்ந்தே இருக்கு. பத்து பேர் பாடினாலும் மெட்டுக்காரர் காணாமப் போகலை. நம்ம கானா மெட்டுகள்ல எத்தனையை யார் முதல்ல கட்டினாங்கன்னு கேட்டுப் பாருங்க... பதில் வராது. ஏதோ ஒரு தெருவுல, ஏதோ ஒரு சாவு வீட்டுல விடிய விடியப் பாடின குரல் அது. மெட்டு நம்ம வாயில இருக்கு, ஆளோட பேரு எங்கேயும் இல்லை.

மெட்டைப் பங்கு போட்டுக்கறது தப்பே இல்லை மச்சி, அதுல ஒரு கௌரவமே இருக்கு. பேரை முழுங்கறதுதான் தப்பு. பூந்தமல்லி பக்கம் காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல மைக் பிடிக்கிறவனுக்கு விசில் பறக்கும். நைட் முழுக்க ஹாஸ்டல் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பீட் போட்டவன் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னால ஒயரைப் பிடிச்சுட்டு நிப்பான்.

அடுத்த தடவை பாட்டு முடிஞ்சதும் மைக்கை உடனே கொடுத்துடாதீங்க. 'பீட் போட்டது இவன்'னு பேரைச் சொல்லிட்டுக் கொடுங்க. அந்த விசில்ல பாதி அவனோடது!