கொடுத்த வீட்டுக்கு மறுபடி போங்கள்

போடியிலும் சுற்றுவட்டாரத்திலும் சேவைச் சங்கங்களை நடத்திவரும் அண்ணன்மார், மதினிமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் மெல்போர்னிலிருந்து வணக்கம்.

ஜூலை பிறந்தால் அரிமா, ரோட்டரி இரண்டிலும் புது நிர்வாகிகள் பொறுப்பேற்பார்கள். பணியேற்பு விழா அழைப்பிதழ்கள் இப்போதே வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிட்டன. என்னோடு பள்ளியில் படித்தவர்களின் பெயரைத் தலைவர், செயலாளர் என்று பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆண்டுத் திட்டத்தை நீங்கள் முடிவு செய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். இந்தச் சங்கம், அந்தச் சங்கம் என்று பிரித்து எழுதவில்லை. எல்லோருக்கும் பொதுவான மடல் இது.

முதலில் ஒரு வேண்டுகோள். பள்ளி திறந்ததும் நடக்கும் இலவச நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தையும் ஆள்பலத்தையும் நம்மூர்ப் பிள்ளைகளின் கண்ணுக்கும், ஏலக்காய் கோடவுன்களில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களின் கண்ணுக்கும் செலவிடுங்கள்.

நோட்டு வேண்டாமா என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப் பை, காலணி, வடிவியல் பெட்டி, வண்ணப் பென்சில் வரைக்கும் அரசாங்கமே தருகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால், விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு பெரிய கவலை குறைந்தது. என் அம்மா காலத்தில் நோட்டு வாங்கக் காசில்லாத வீடுகள் தெருவுக்கு நாலு இருந்தன. அன்றைக்குச் சங்கத்தார் கொடுத்த நோட்டு உண்மையிலேயே படிப்பைக் காப்பாற்றியது. இன்றைக்குத் தேவை வேறு இடத்தில் இருக்கிறது. சங்கம்தான் இடம் மாறிப் போக வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது கரும்பலகை எனக்கு மங்கலாகத்தான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கு வந்து சோதித்துப் பார்த்த சங்கத்தார் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். அது மூக்கை அழுத்திப் புண்ணாக்கியது. வகுப்பில் சோடாபுட்டி என்று பட்டப்பெயர் வேறு. பத்து நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். என்னைப் போல எத்தனையோ பிள்ளைகளின் கண்ணாடி இப்படித்தான் அலமாரிக்குப் போகிறது. கொடுத்தவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

என் விஷயத்தில் தெரிந்தது. கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அந்தச் சங்கத்தில் இருந்தார். ஒரு மாதம் கழித்து சைக்கிளில் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். "தாயி, கண்ணாடி எங்கே?" என்று கேட்டார். எடுத்து வந்து கொடுத்தேன். என் மூக்கைப் பார்த்தார். கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், மூக்குத் தாங்கியை மாற்றி, காதுக் கம்பியை வளைத்துச் சரிசெய்து மறுநாள் கொண்டுவந்து தந்தார். வகுப்பு ஆசிரியையைப் பார்த்து என்னை முன் வரிசையில் உட்கார வைக்கச் சொன்னார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி வந்து மதிப்பெண் கேட்டார். அடுத்த வருஷம் பவர் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அம்மாவை நச்சரித்தார். நான் படித்து மேலே வந்ததற்கு அந்த அண்ணாச்சி திரும்பத் திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்ததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்று கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துவதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் தொழில் விவரமும் சொல்ல முடியும். பிள்ளையின் முகம் வளர்ந்துகொண்டே இருக்கும். மூக்குத்தண்டு எழும்பாத சின்ன முகத்தில் பெரியவர்கள் பிரேமைச் சிறிதாக்கி மாட்டினால் நழுவிக்கொண்டேதான் இருக்கும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு ஒரே வருஷத்தில் பவர் மாறலாம். திருகு கழன்றால் வீட்டில் போட ஆளில்லை. கண்ணொளி காப்போம் திட்டத்தில் அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தருகிறது. ஆகவே சங்கம் கண்ணாடி வாங்கித் தருவதைவிட, கொடுத்த கண்ணாடி முகத்தில் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்குப் போய்ப் பார்ப்பதும், உடைந்ததை மாற்றித் தருவதும் பெரிய உதவி. அதற்குச் செலவும் குறைவுதான்.

அடுத்து நம் அம்மாக்கள். என் அம்மா கோடவுனில் ஏலக்காய் தரம் பிரித்தவள். சல்லடை எட்டு மில்லி, ஏழு மில்லி என்று அளவைத்தான் பிரிக்கும். பச்சை குறைந்தது, வெடித்தது, பூச்சி அரித்தது எல்லாம் கையாலும் கண்ணாலும்தான் பொறுக்க வேண்டும். நாற்பது தாண்டியதும் வெள்ளெழுத்து வந்துவிடும். அம்மா முறத்தைத் தூரமாகத் தள்ளி வைத்துப் பார்ப்பாள். வேகம் குறையும், கூலியும் குறையும். வயசாகிவிட்டது என்று சொல்லி வேலையை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். அவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒன்றோ ஒன்றரையோ இரண்டோ பவர் உள்ள ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டுக் கொழுந்து பறித்தவர்களின் வேலைத்திறன் மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது. 2018ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. இலை கிள்ளும் வேலைக்கே இவ்வளவு என்றால், நிறம் பார்த்துக் காய் பொறுக்கும் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் நம்மூர். வியாபாரிகளும் கோடவுன்காரர்களும் உங்கள் சங்கங்களிலேயே உறுப்பினர்கள். ஒரே ஒரு மாலையில் கோடவுனுக்கே போய்ச் சோதித்துவிடலாம்.

கண் முகாம் நமக்குப் புதிதில்லை. அரிமா இயக்கத்துக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு 1925ல் ஹெலன் கெல்லர் அவர்கள் மாநாட்டில் வந்து பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டதிலிருந்து தொடங்குகிறது. நம் பக்கத்தில் டாக்டர் வெங்கடசாமி 1976ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985ல் தேனிக்கும் வந்தது. முகாம் என்றால் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, பள்ளிக்கூடம் கேட்டு வாங்குவது, பெஞ்சு போடுவது, சாப்பாடு போடுவது எல்லாம் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. மருத்துவக் குழு வந்து பார்க்கும். புரை முற்றியவர்களை அன்றே பஸ்ஸில் அழைத்துப் போய் அறுவை செய்து, ஊரில் கொண்டுவந்து விடும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. என் அப்பத்தாவுக்குப் பார்வை திரும்பியது இப்படித்தான்.

அப்படிப்பட்ட முகாம்களே எல்லோரையும் எட்டவில்லை. 1999ல் வெளியான ஆய்வு ஒன்றில், முகாம் நடந்த கிராமங்களில் கண் குறை உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. வர முடியாததற்குக் காரணம் நமக்குத் தெரியும். துணைக்கு ஆள் இல்லை, ஒரு நாள் கூலி போகும், கண் முழுசாகவா போய்விட்டது என்ற எண்ணம். காலை ஒன்பது மணிக்கு முகாம் என்றால், ஐந்து மணிக்கே ஜீப்பில் மலையேறிவிட்டவள் எப்படி வருவாள்? ஜீப் திரும்பி வந்து நிற்கிற இடத்துக்கு, அது வருகிற நேரத்தில் நாம்தான் போக வேண்டும்.

போலியோவை நினைத்துப் பாருங்கள். ரோட்டரி 1985ல் கையில் எடுத்த காரியம். ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து கொடுத்ததோடு யாரும் போய்விடவில்லை. பிள்ளையின் சுண்டு விரலில் மை வைத்தார்கள். மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய், விட்டுப்போன பிள்ளை இருக்கிற வீட்டுச் சுவரில் சாக்பீஸால் அடையாளம் போட்டு, அந்த வீட்டுக்கு மறுபடி போனார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. அரசு ஊழியர்களோடு சேர்ந்து உங்களைப் போன்ற சங்கத்தார் அந்தச் சுவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதால் கிடைத்தது.

பிறகு ஏன் மற்றக் காரியங்களில் மறுபடி போவதில்லை? பதவி ஒரு வருஷம்தான். ஜூன் 30க்குள் கணக்குக் காட்ட வேண்டும். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பயனாளி என்ற எண்ணிக்கைக்கே விருது கிடைக்கிறது. போன வருஷத் தலைவர் கண்ணாடி கொடுத்த பிள்ளையைப் போய்ப் பார்த்துவருவது அறிக்கையில் ஒரு வரிகூடப் பெறாது. ஆகவே ஒவ்வொரு தலைவரும் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார். உங்கள் மனசில் குறையில்லை, ஏற்பாட்டில்தான் குறை. சங்கத்துக்குள்ளேயே இதைச் சரிசெய்யலாம். பார்வைப் பணிக்கு மட்டும் மூன்று ஆண்டுக்கு ஒரே பொறுப்பாளரை வையுங்கள். தலைவர் மாறினாலும் அவர் மாறக்கூடாது. பள்ளிவாரியாக ஒரு பதிவேடு அவர் கையில் இருக்கட்டும்.

புகைப்பட விஷயமும் என் மனசை உறுத்துகிறது. ஒரு பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் பிள்ளை கேமராவைப் பார்க்கும் படங்களை இங்கே பார்க்கிறேன். அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து வேலைக்குப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். காப்பகத்துப் பிள்ளைகள் விஷயத்தில் இது சட்டமீறலும்கூட. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பிறந்த நாளுக்குக் காப்பகத்தில் சாப்பாடு போடுங்கள், சந்தோஷம். படம் எடுக்காதீர்கள்.

இங்கே என் வீட்டுப் பக்கத்து அரிமா சங்கத்தில் நானும் உறுப்பினர். சனிக்கிழமை கடை வாசலில் அடுப்பு வைத்து ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்று நிதி சேர்க்கிறோம். என்னைத் தவிர அநேகமாக எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். இளைஞர் வராமல் பல சங்கங்கள் மூடப்படுகின்றன. நம்மூரில் லியோ, ரோட்டராக்ட் என்று கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேர் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்று இங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீப்பிடித்தபோது, முதலில் மேலே ஏறி, தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் தூக்கி இறக்கியவர்களில் நம் மக்கள் இருந்தார்கள். அந்த மனசு உள்ள ஊர் இது.

இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விக்டோரியா மாநிலத்தில் பிள்ளைகளோடு பழகும் பணியில் சேரும் தொண்டர் முதலில் காவல்துறைப் பதிவுகளைச் சரிபார்த்து அரசு தரும் அனுமதிச் சான்று பெற வேண்டும். ஐந்து ஆண்டு செல்லும், தொண்டர்களுக்குக் கட்டணமில்லை. இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. மாலை வகுப்புக்கும் காப்பகத்துக்கும் போகும் நம் உறுப்பினர்களும் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கட்டும். பிள்ளையோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் என்று விதி போடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

டாலர் அனுப்பக் கூடாதா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவள். என் பணம் உங்கள் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை. அதற்கான சட்டப்படி பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பையன்களில் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். பழைய கண்ணாடிகளைப் பார்சல் அனுப்பவும் சொல்லாதீர்கள். ஒருவர் கண்ணுக்கு அரைத்த வில்லை இன்னொருவர் கண்ணுக்கு அபூர்வமாகத்தான் பொருந்தும். பார்சல் செலவுக்குப் புதியதே அங்கு வாங்கலாம்.

என்னால் தர முடிந்தது என் கைவேலை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். இப்போது சென்னையிலிருந்து போடிக்கு ரயிலே இருக்கிறது. மூக்குத் தாங்கி மாற்றுவது, திருகு போடுவது, கம்பி வளைப்பது, பிள்ளை முகத்துக்குப் பிரேம் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றையும் உங்கள் இளைஞர்களில் ஐந்தாறு பேருக்குக் கற்றுத் தருகிறேன். கருவிகளையும் விட்டுவிட்டு வருவேன். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஜூலை முதல் கூட்டத்தில் அந்த மூன்றாண்டுப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போடுங்கள். கண்ணாடி வாங்கிய பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிகளில் கேட்டு வாங்கி, தீபாவளிக்கு முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். யார் முகத்தில் கண்ணாடி இருக்கிறது, யார் முகத்தில் இல்லை, ஏன் இல்லை என்று எழுதி அனுப்புங்கள். வேண்டிய உதிரிப் பொருள்களை அதைப் பார்த்துத்தான் நான் வாங்கி வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்,
மெல்போர்ன்