முதலில், அது எந்தக் கதண்டு?

வடக்குப் பெருங்கதண்டு அமெரிக்க மண்ணிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக அந்நாட்டு வேளாண் துறையும் வாஷிங்டன் மாநில வேளாண் துறையும் 2024 டிசம்பரில் அறிவித்தன. 2019-ல் கனடாவின் நனைமோவிலும், பிறகு எல்லையை ஒட்டிய பிளெய்ன் பகுதியிலும் தென்பட்ட பூச்சி இது. வாஷிங்டன் மாநிலத்தில் மொத்தம் நான்கு கூடுகள் அழிக்கப்பட்டன. மூன்று ஆண்டுகள் ஒன்றுகூடக் கண்ணில் படாத பிறகே அறிவிப்பு வந்தது. குடியேறிய அயல் பூச்சியை வேரோடு களைந்த கதைகள் உலகில் அதிகமில்லை. பாராட்டு முழுவதும் விண்வெளி வீரர்போல் உடையணிந்து மரப்பொந்திலிருந்து கதண்டுகளை உறிஞ்சியெடுத்தவர்களுக்குப் போனது. படமெடுக்க அதுதான் தோதாக இருந்தது. ஆனால், அந்த வெற்றியில் பெரும்பங்கு, இறந்து கிடந்த ஒரு பூச்சியை உற்றுப் பார்த்து அதற்குச் சரியான பெயர் சொன்னவர்களுடையது என்பதே நம் கருத்து. அந்த வேலைக்குத்தான் அரசுகள் மிகக் குறைவாகச் செலவிடுகின்றன.

பெயர் சொல்லத் தாமதமானால் என்ன ஆகும் என்பதை பிரான்ஸ் காட்டியது. சீனாவிலிருந்து வந்த மண்பாண்டச் சரக்கோடு மஞ்சள்கால் கதண்டு அங்கு நுழைந்ததாகக் கருதப்படுகிறது. தென்மேற்கில் லோ-எ-காரோன் பகுதியில், போன்சாய் மரம் வளர்க்கும் ஒருவர் 2004-லேயே அதைப் பார்த்துவிட்டார். அது எந்த இனம் என்று பூச்சியியலாளர்கள் உறுதிசெய்தது 2005-ன் இறுதியில். அச்சில் வந்தது 2006-ல். ஐரோப்பாவில் இன்று பறக்கும் மஞ்சள்கால் கதண்டுகள், பல ஆண்களுடன் இணைசேர்ந்திருந்த ஒரே ஒரு ராணியின் வழிவந்தவையாக இருக்கலாம் என்கின்றன மரபணு ஆய்வுகள். ஒரு ராணி, ஓரிரு கூடு என்ற அளவில் மறித்திருக்கக்கூடியது 2010-ல் ஸ்பெயின், 2011-ல் போர்ச்சுகலும் பெல்ஜியமும், 2012-ல் இத்தாலி, 2014-ல் ஜெர்மனி, 2016-ல் பிரிட்டன் என்று பரவியது. இலையுதிர் காலத்தில் ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான ராணிகள் வெளியேறும் என்பதால், இங்கே ஓராண்டு என்பது வெறும் ஓராண்டல்ல. அதே இனம் மயோர்கா தீவில் 2015-ல் கண்டறியப்பட்டதும் கூடுகளைத் தேடித்தேடி அழித்தார்கள். சில ஆண்டுகளில் தீவு அதனிடமிருந்து விடுபட்டது. தீவு என்பது உதவியது, உண்மைதான். ஆனாலும் எதைத் தேடுகிறோம் என்று முதல் நாளிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆபத்தான பூச்சியிடம் போய் ஆராய்ச்சி எதற்கு, பெரிய குளவி எதைக் கண்டாலும் அடித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். தேனீப் பெட்டி வைத்திருப்பவர் அப்படிக் கேட்டால் குறைசொல்ல முடியாது. பெட்டி வாசலில் அந்தரத்தில் நின்று, திரும்பிவரும் தேனீக்களை ஒவ்வொன்றாகக் கவ்வும் பூச்சி மஞ்சள்கால் கதண்டு. கதண்டைச் சூழ்ந்து உருண்டையாகத் திரண்டு, உடற்சூட்டாலேயே அதை வேகவைத்துக் கொல்லும் வித்தை ஆசியாவின் அடுக்குத் தேனீக்குத் தெரியும். நம் வளர்ப்பாளர்கள் இத்தாலியத் தேனீ என்று அழைக்கும் மேற்கத்திய இனத்துக்கு அது அவ்வளவாகக் கைவரவில்லை. ஆயினும், கண்டதை அடிப்பது எதிரிக்கே சாதகமாக முடிகிறது. ஐரோப்பாவின் சொந்தக் கதண்டு ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு பெற்றது. உருவத்தில் மஞ்சள்கால் கதண்டைவிடப் பெரியது. மார்பு செம்பழுப்பு, வயிறு பெரும்பாலும் மஞ்சள். வந்தேறியோ கருத்த உடலும், வயிற்றில் ஓர் ஆரஞ்சுப் பட்டையும், மஞ்சளில் தோய்த்தெடுத்தாற்போன்ற கால்நுனிகளும் கொண்டது. பெரியதை அடி என்று சொன்னால், அடிபடுவது உள்ளூர்க்காரன்தான். பிரான்சில் வசந்த காலத்தில் இனிப்பும் பீரும் ஊற்றித் தொங்கவிட்ட புட்டிப் பொறிகளில் கதண்டு ராணிகளைவிட மற்ற பூச்சிகளே ஏராளமாக விழுந்து செத்தன. அடையாளம் காண நேரமாகும் என்ற வாதமும் நிற்காது. 2021 ஆகஸ்ட் 11 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் வடக்குப் பெருங்கதண்டின் படத்தோடு தகவல் கொடுத்தார். 19 அன்று கூடு கண்டுபிடிக்கப்பட்டது. 25 அன்று அழிக்கப்பட்டது.

பத்திரிகைகளுக்கும் இதில் பழி உண்டு. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். 2020-ல் வடக்குப் பெருங்கதண்டை ‘கொலைகாரக் கதண்டு’ என்று தலைப்பிட்டதும் அந்தப் பூச்சி எட்டியே பார்க்காத மாநிலங்களில்கூட மக்கள் பீதியில் உள்ளூர்க் குளவிகளையும் தேனீக்களையும் கொல்லத் தொடங்கியதாகப் பூச்சியியலாளர்கள் வருந்தினர். ‘ஆசியக் கதண்டு’ என்பதும் பெயராகத் தேறாது. கதண்டுகளின் பேரினமான வெஸ்பாவில் உலகில் உள்ள இனங்கள் இருபத்திரண்டும் ஆசியாவில் வாழ்கின்றன. அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் 2022-ல் வடக்குப் பெருங்கதண்டு, மஞ்சள்கால் கதண்டு என்ற பெயர்களை ஏற்றபோது, இதென்ன நாசூக்கு அரசியல் என்று சிலர் முகம் சுளித்தார்கள். காலைப் பார் என்று சொல்லும் பெயர், கண்டத்தைச் சொல்லும் பெயரைவிடத் தோட்டத்தில் நிற்பவருக்குப் பயன்படும் என்பதே நமக்குப் போதுமான காரணம்.

பொதுமக்கள் அனுப்பும் தகவல்களில் பெரும்பாலானவை தவறு, அவற்றைச் சலிப்பது வீண்வேலை என்பது அதிகாரிகள் தரப்பு மனக்குறை. ஆனால் வாஷிங்டனில் உறுதியான தகவல்களில் பாதியும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் அனைத்தும் பொதுமக்களிடமிருந்தே வந்தன. இனிக் கைப்பேசிச் செயலியும் செயற்கை நுண்ணறிவும் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கேமரா அமைப்பு மஞ்சள்கால் கதண்டை உள்ளூர்க் கதண்டிலிருந்து நன்றாகவே பிரிக்கிறது. வரவேற்கிறோம். ஆனால், மனிதர் பெயரிட்டுக் கொடுத்த படங்களிலிருந்து பழகிய கருவி அது. எதிர்பாராத மூன்றாவது இனம் வந்து நின்றால் யாரிடம் கேட்பது? மேலும், படம் எல்லாவற்றையும் சொல்லாது. 2021-ல் வாஷிங்டன் மாநிலத்தின் மேரிஸ்வில் நகரில் புல்தரையில் காய்ந்து கிடந்த ஓர் ஆண் கதண்டின் மரபணு, பிளெய்ன் கதண்டுகளுக்கும் அதற்கும் உறவில்லை என்று காட்டியது. அதாவது, சரக்கு வழியில் இன்னொரு வாசல் திறந்திருந்தது. காலால் மிதித்துத் தேய்த்திருந்தால் அந்தச் சேதி மண்ணோடு போயிருக்கும்.

நம் ஊரில் தீயணைப்புத் துறையினர் கூட்டை எரிக்கும் கதண்டுகளில் ஒன்றான வெஸ்பா டிராபிகா, 2016-ல் பசிபிக் கடலின் குவாம் தீவில் அயல் பூச்சியாகப் பிடிபட்டது. இங்கே குடிமகன், அங்கே ஊடுருவியவன். கப்பல் போகும் வழியெல்லாம் இது நடக்கும். எனவே துறைமுகம்தோறும் பூச்சியினங்களைப் பிரித்தறியும் ஆள் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ஓய்வுபெறும் வகைப்பாட்டியலாளரின் நாற்காலி காலியாக விடப்படக் கூடாது. கூட்டை அழிக்கும் எவரும் ஐந்தாறு பூச்சிகளையாவது சாராயப் புட்டியில் போட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது விதியாக வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா துறைமுக நகருக்கருகே 2023 ஆகஸ்டில் ஒரு தேனீ வளர்ப்பாளர் பழக்கமில்லாத கதண்டைப் பார்த்துத் தகவல் சொன்னார். மஞ்சள்கால் கதண்டு என்று உறுதியானது. அங்கே கூடு தேடும் வேலை அன்று தொடங்கியது.