டை கட்டிய 55 சதவீதம்

செஞ்சி வட்டாரத்தில் கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு காத்திருக்கிறது. கல்யாண மண்டபத்திலோ கல்லூரிக் கலையரங்கிலோ அவர்களை வரிசையாக உட்காரவைத்து, சென்னையிலிருந்து வரும் ஆளுமைப் பயிற்சியாளர் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுவார். ஆள் மாறுவார், பேச்சு மாறாது. "இன்டர்வியூவுல நீங்க என்ன சொல்றீங்கங்கிறதுக்கு வெறும் 7 சதவீதம்தான். குரலுக்கு 38. மிச்சம் 55 சதவீதமும் உங்க பாடி லாங்குவேஜ்!" திரையில் மூன்று வண்ணத்தில் ஒரு வட்டம் வரும். கைதட்டல் எழும். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்த பின்வரிசைப் பையன்கள் சட்டென்று முதுகை நிமிர்த்துவார்கள்.

வருடக்கணக்காக ஓடும் இந்தப் படத்தில் இதுவரை யாரும் எழுந்து, "சார், இந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டதாகத் தெரியவில்லை.

வந்தது அமெரிக்காவிலிருந்து. 1967இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன், சகாக்களோடு சேர்ந்து இரண்டு சிறிய ஆய்வுகளை வெளியிட்டார். ஒன்றில் 'டியர்', 'தேங்க்ஸ்', 'டெரிபிள்' போன்ற ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் பதிவுசெய்து, பேசியவரின் மனநிலை என்ன என்று கேட்டவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் 'மேபி' என்ற ஒரே ஒரு சொல், கூடவே முகங்களின் புகைப்படங்கள். இரண்டின் முடிவுகளையும் சேர்த்துப் போட்ட கணக்குதான் 7, 38, 55. அந்த 55 முழுக்க முகபாவத்துக்கு உரியது. அதில் கைகுலுக்கல் இல்லை, நாற்காலியில் உட்காரும் தோரணை இல்லை, டை இல்லவே இல்லை. வேலை கேட்டு வந்தவரும் இல்லை, வேலை கொடுக்க வந்தவரும் இல்லை. ஒருவர் தன் விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசும்போது தவிர வேறெங்கும் இந்தக் கணக்கு செல்லாது என்று மெஹ்ராபியனே பிற்பாடு தெளிவாக எழுதிவைத்தார். அந்த வரி மட்டும் கலையரங்கம்வரை வந்து சேரவில்லை.

உண்மையிலேயே சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால், இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் கொரிய மேலாளர் கொரிய மொழியிலேயே பேசிவிட்டுப் போகட்டும், செஞ்சிப் பையனுக்கு 93 சதவீதம் புரிந்துவிடுமே! ஐடிஐ முடித்த ஃபிட்டரிடம் "வெர்னியர் காலிப்பரில் 0.02 மி.மீ. லீஸ்ட் கவுன்ட் எப்படி வருகிறது?" என்று கேட்பார்கள். முதன்மை அளவுகோலின் 49 மி.மீ. நீளம் வெர்னியரில் 50 பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பி.காம். படித்த பெண்ணிடம் ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு பற்றிக் கேட்பார்கள். அதற்குப் புருவத்தை உயர்த்திக் காட்டினால் சம்பளம் தரமாட்டார்கள்.

அடுத்த மந்திரம்: "முதல் முப்பது நொடியிலேயே முடிவு பண்ணிடுவாங்க." பண்ணுகிறவர்கள் இருக்கலாம். அது வேலை கொடுப்பவரின் குறையே தவிர, வேலை தேடுபவருக்கான பாடம் அல்ல. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கையில் நேர்காணலுக்கு 150இல் 50 மதிப்பெண் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று நிமிட நேர்காணல், அதிலும் அப்பா யார், வீடு எங்கே என்ற கேள்விகள். அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் வைப்பது தன்னிச்சையானது என்றது. மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே 2016 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. இங்கே குரூப் 4 தேர்வுக்கும் நேர்காணல் கிடையாது. ஓஎம்ஆர் தாள் யாருடைய ஷூவையும் பார்ப்பதில்லை.

"இங்கிலீஷ் சரளமா வந்தா போதும்." போதும் என்றால் சென்னையில் வேலையில்லாதவர் எவருமே இருக்கக் கூடாது.

"தன்னம்பிக்கைதான் எல்லாமே. தேசிங்கு ராஜா மாதிரி நிமிர்ந்து நில்லுங்க!" செஞ்சிக்கு வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போகிறவர் அபூர்வம். தேசிங்குக்குத் தன்னம்பிக்கை குறைவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1714இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்கொண்டவர் அன்றே களத்தில் இறந்தார், கோட்டையும் போனது. அதே கோட்டையில் இருந்துகொண்டுதான் மராட்டிய ராஜாராம் 1690 முதல் 1698 வரை முகலாய முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அங்கே இன்றும் நிற்கிற நெற்களஞ்சியத்தையும் குளங்களையும் பயிற்சியாளர் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு மேடைக்கு வரலாம்.

கடைசியாக, "கம்பெனிக்காரங்க பார்க்கிறது உங்க ஆட்டிட்யூட் மட்டும்தான்." சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக, 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் பெயர்கள் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. காகிதத்துக்கு ஏது உடல்மொழி? அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமைதான் என்றவர்களே, விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் "உன் உடல்மொழியைத் திருத்து" என்பது, கதவைப் பூட்டிவைத்துவிட்டுத் தட்டத் தெரியவில்லை என்று திட்டுவதுதான்.

எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த மதிப்பெண் முறை என்று நடத்தப்படும் நேர்காணல்தான், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது. ஷ்மிட்டும் ஹண்டரும் 1998இல் தொகுத்த 85 ஆண்டு ஆய்வுகளும், 2022இல் சாக்கெட் குழுவினர் செய்த மறுகணக்கும் இதையே காட்டுகின்றன. அந்த மாதிரி நேர்காணலுக்குப் போகிறவருக்குப் பயன்படுவது செய்த வேலை, அதை விளக்கத் தெரிந்த வாய்.

எனவே செஞ்சியில் அடுத்த முகாமை நடத்தப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டை கட்டக் கற்றுக்கொடுக்கும் அரை மணி நேரத்தை வெட்டிவிட்டு, மேசையில் ஒரு வெர்னியர் காலிப்பரையும் எக்செல் திறந்த ஒரு கணினியையும் வையுங்கள். வட்ட வரைபடத்தோடு வருகிறவருக்கு வழிச்செலவைக் கொடுத்துத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.