வெந்தயமும் புது மந்திரமும்

வெந்தயத்தின்மேல் நமக்கு எவ்விதப் பகையும் கிடையாது. இட்லிக்கு உளுந்தோடு ஊறப்போடுகிறோம், குழம்புக்குத் தாளிக்கிறோம், கீரையாகக் கிடைத்தால் ஆய்ந்து கடைந்து தின்கிறோம். ஆகையால் நாம் வெந்தயத்துக்கு விரோதிகள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வெந்தயத்தின் பேரால் நடக்கும் புரட்டைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் சொல்ல வேண்டியதாயிருக்கிறது.

நமக்குப் பழக்கமான மளிகைக்கடைத் தோழர் ஒருவர் நெடுநாளாக நீரிழிவு உள்ளவர். "மாத்திரையெல்லாம் விஷம், ஒரு மண்டலம் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடி, சர்க்கரை ஓடிப்போகும்" என்று யாரோ சொல்ல, அவரும் மாத்திரையை நிறுத்திவிட்டார். 48 நாள் முடிவதற்குள் காலில் வந்த ஒரு கொப்புளம் புண்ணாகி, இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. சொன்ன மனிதரைக் கேட்டால், "நடுவில் ஒரு நாள் தவறவிட்டிருப்பான்" என்கிறார்! பரிகாரம் பலிக்காவிட்டால் செய்தவன்மேல் குற்றம் என்னும் பழைய சமாதானம்தானே இது? மண்டலக் கணக்கு கோயிலை விட்டு வெந்தயத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிற்க, வெந்தயத்தில் உள்ள உண்மைச் சத்து என்ன என்று பார்ப்போம். நூறு கிராம் வெந்தயத்தில் புரதம் ஏறக்குறைய 25 கிராம். நார்ச்சத்து கால் பங்குக்குக் குறையாது. ஊறினால் கொழகொழவென்று வருகிறதே, அதுவும் நார்ச்சத்தின் ஒரு வகைதான். இது குடலில் கூழாக நின்று, தின்ற சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் வேகமாகச் சேராதபடி தடுக்கிறது. இதற்கு ஆதாரம் எந்தச் சித்தருடைய வாக்குமல்ல, பரீட்சையே ஆகும். 1918இல் குன்னூரில் ஒற்றை அறையில் துவங்கி, பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், இன்சுலின் தேவைப்படும் நோயாளிகளுக்கு வெந்தயப் பொடி கொடுத்துப் பார்த்து, சர்க்கரை குறைந்ததாக 1990இல் வெளியிட்டார்கள்.

ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை எவரும் சொல்லுவதில்லை. நாளொன்றுக்கு 100 கிராம், அதுவும் கொழுப்பு நீக்கிய பொடி! ஒரு தேக்கரண்டி வெந்தயம் சுமார் 4 கிராம் என்றால், அது 25 கரண்டிக்குச் சமம். கொடுத்ததும் பத்தே நாள். ஒரு கரண்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடித்துவிட்டு, 25 கரண்டியின் பலனை எதிர்பார்ப்பது எந்தக் கணக்கு? அந்த ஒரு கரண்டியில் உள்ள புரதமும் ஒரு கிராம்தான். கடலைக்கும் பயறுக்கும் செலவு செய்ய வேண்டிய காசை வெந்தயப் பொட்டலத்துக்குக் கொடுப்பது புத்திசாலித்தனமாகுமா?

இனி, "ஆன்டி ஆக்ஸிடண்ட்" என்னும் புது மந்திரத்துக்கு வருவோம். பிராணவாயுவின் வேலையால் உடம்பில் சில துடுக்குத் துணுக்குகள் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் பொருளுக்குத்தான் இந்தப் பெயர். ஊதா நிறச் சாயம் ஒன்றில் வெந்தயச் சாற்றை விட்டால் நிறம் வெளுக்கிறது. இது வாஸ்தவம். ஆனால் கண்ணாடிக் குழாயும் மனித உடம்பும் ஒன்றா? குழாய்க்குக் குடலும் இல்லை, ஈரலும் இல்லை. உணவுகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டு அமெரிக்க விவசாய இலாகா வைத்திருந்த பட்டியலை, மனிதனுக்கு அதனால் நன்மை என்று ருஜுவாகவில்லை என்று 2012இல் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அதற்கும் முன்பே, பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்து 1994இல் முடிவு சொன்னார்கள். காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடண்டை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 100க்கு 18 வீதம் அதிகமாயிற்று! எல்லோரும் நல்லதென்று நம்பிய பொருள்தான் அது. எண்ணிப் பார்த்ததால் அல்லவா உண்மை வெளிவந்தது?

"இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது" என்பதும் வெறும் நம்பிக்கையே. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தை வேகவைக்காமல் தின்றதால் கிருமி பரவி, 50 பேருக்கு மேல் மாண்டார்கள். குற்றம் கிருமியினுடையதுதான், ஆனால் இயற்கை என்ற பெயர் அதைத் தடுக்கவில்லையே! கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், வெந்தயத்தை மருந்தளவில் தின்னுமுன் வைத்தியரைக் கேட்கத்தான் வேண்டும். சர்க்கரை மாத்திரையோடு மிகுதியாகத் தின்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும்.

ஆகவே தோழர்களே, பாட்டி சொன்னாள் என்பதும் ஆதாரமல்ல. இங்கிலீஷ் வார்த்தையில் ஒருவர் சொன்னார் என்பதும் ஆதாரமல்ல. எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை பேருக்கு, எத்தனை நாள், கொடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லுகிறவனை நம்புங்கள். கோபித்துக்கொள்ளுகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெந்தயத்தைச் சட்டியில் தாராளமாகப் போடுங்கள். மாத்திரையை மட்டும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். போன விரல் எந்த மண்டலத்திலும் முளைக்காது.