டேங்க்ல துருவா? புது டேங்குக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி...

நாவலூர், சிறுசேரி பக்கம் வாடகைக்கு இருக்கிற உங்கள்ல பலர்கிட்ட ஊர்ல இருந்து கொண்டுவந்த அப்பாவோட பழைய பைக் ஒண்ணு பார்க்கிங்ல நிக்கும். ஆபீசுக்கு கேப் இருக்கு. வண்டிய மாசக்கணக்கா எடுக்கறதில்ல. பக்கத்துலயே கடல். ஒருநாள் ஸ்டார்ட் பண்ணா இருமி இருமி நின்னுடும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா, உள்ளே செம்மண் கலர். மெக்கானிக் "மாத்திடலாம் சார்" என்பார்.

உடனே தலையாட்டாதீங்க. தகடு கெட்டியா இருந்தால், எலக்ட்ராலிசிஸ் முறையில் துருவை எடுத்துவிடலாம். தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அளவு சலவை சோடா கலந்து டேங்கை நிரப்புங்க. வாய் வழியா ஒரு இரும்புக் கம்பியை, டேங்கில் எங்கேயும் படாம, ரப்பர் வச்சு தொங்க விடணும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாத்திக் கொடுத்தா டேங்கே கரையும்! கம்பிக்கு நேரா இருக்கும் பக்கம்தான் நல்லா சுத்தமாகும். அதனால கம்பியை வளைச்சு, இடம் மாத்தி, அப்பப்ப துடைச்சு வைக்கணும். ஓரிரு நாள் ஆகலாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் இருக்கு. சோடாவுக்குப் பதில் உப்பு போட்டா குளோரின் வாயு வரும். எவர்சில்வர் கம்பி போட்டா குரோமியம் விஷம் தண்ணீரில் கலக்கும். டேங்க் பக்கம் ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கும். அதனால பெட்ரோல் வாடை போகும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவி, திறந்த மொட்டை மாடியில் வைங்க. பால்கனி வேண்டவே வேண்டாம். கிளிப்பைத் தொடும்முன் சுவிட்சை அணைங்க.

செலவுக்கு வருவோம். ஒரு டேங்குக்காக சார்ஜர் வாங்கறது வீண், இரவல் கேளுங்க. அதுவும் பழைய மாடலா கேளுங்க. புது 'ஸ்மார்ட்' சார்ஜர் பல, பேட்டரி இல்லேன்னா கரண்டே விடாது. இன்னொன்று, ஓட்டையை இத்தனை நாள் அடைச்சு வச்சதே துருவா இருக்கலாம். அது போனதும் ஒழுக ஆரம்பிச்சா மெக்கானிக் சொன்னதுதான் சரி, புது டேங்க் வாங்கிடுங்க.

என்னைக் கேட்டா, துருவுக்குப் பெரிய காரணம் நம்ம "200 ரூபாய்க்கு போடுங்கண்ணா" பழக்கம். லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருக்கு. 10 லிட்டர் டேங்கில் 2 லிட்டர் பெட்ரோல், 8 லிட்டர் ஈரக்காற்று! நிரப்பினா கூடுதலா 800 ரூபாய் முடங்கும்; 3 சதவீத வட்டின்னு வச்சாலும் வருஷத்துக்கு 24 ரூபாய் நஷ்டம். ஆனா எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதனால நிரப்பிட்டு வருஷக்கணக்கா மறந்துடாதீங்க, அப்பப்ப ஓட்டுங்க.

துரு எடுத்த டேங்கை அலசி, அன்னைக்கே ஹேர் டிரையரில் காய வச்சு பெட்ரோல் ஊத்திடுங்க. நம்ம ஊர் காத்துல ஒரு ராத்திரி சும்மா விட்டாலே மறுபடி செம்மண் தெரியும்.