‘ம்’ கொட்டத் தெரிய வேண்டும்

மைசூருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. மானசகங்கோத்ரியில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு, கேட்பு நிறுவனத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை எடுத்து, நானும் மகளும் தங்கியிருக்கிறோம். வீட்டுக்காரர் ஈரோட்டில். தெரபி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் அந்த வராந்தாவில் நின்றால் கன்னடம், மலையாளம், இந்தி, தமிழ் என்று அம்மாக்களின் குரல் கேட்கும்.

மகளுக்கு ஐந்து வயது. காது கேளாத அவளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கேட்புக் கருவியை வைத்த பிறகு ‘பல்’, ‘பால்’ இரண்டும் தனித்தனி. ‘படு’, ‘பட்டு’ குழப்பமும் போய்விட்டது. இடறுவது ‘ம்’மில். கதை கேட்கும்போது கொட்டும் ‘ம்’, என்ன என்று கேட்கும் ‘ம்?’, அதட்டும் ‘ம்ம்’ மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். என் முகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றால் தெரியாது.

உட்காதில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நுண்செல்கள் செய்யும் வேலையை, இந்தக் கருவியில் இருபத்திரண்டு மின்முனைகளோ அதற்கும் குறைவானவையோ செய்கின்றன. ஒலி நீள்வதும் நிற்பதும் நன்றாகப் போய்ச் சேரும். அதனால்தான் குறிலும் நெடிலும் அவளுக்குப் பிடிபட்டன. குரல் ஏறுவதும் இறங்குவதும் மங்கிவிடும். ஹாங்காங்கில் பேசும் காண்டனீஸ் மொழியில் இந்த ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். ‘ஸீ’ என்ற ஓரசை, அதை வைத்துக் கவிதை, வரலாறு, நேரம், சந்தை என்றெல்லாம் ஆகும். கருவி வைத்த குழந்தைகள் அதில் படும் பாட்டை அங்கே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ் கொஞ்சம் கருணை காட்டுகிறது. ‘வந்தாளா’ என்று கடைசியில் ஓர் ‘ஆ’ வந்தாலே கேள்வி என்று தெரிந்துவிடும். ஆனால் கோபம், கெஞ்சல், செல்லம் எல்லாம் குரலில்தானே இருக்கிறது?

ஊரில் முதலில் தெரபிக்குப் போன இடத்தில் வார்த்தைகளை எண்ணி, “நூறு வந்தாச்சு, போதும்” என்றார்கள். எனக்கு அது போதாது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷனை இலவசமாகச் செய்து தருகிறது, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே கை தெரபியிலும் இன்னும் நீள வேண்டும். பிள்ளை பள்ளியில் ஊன்றும்வரை, தாய்மொழியில், வீட்டுக்கு அருகில் கிடைக்க வேண்டும். தெரபி மதிப்பெண் தாளில் வார்த்தைக் கணக்கோடு குரல் பிரித்தறிவதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

போன வாரம் ஓர் இரவு, விளக்கை அணைத்த பிறகும் மகள் காதிலிருந்த மெஷினைக் கழற்றவிடவில்லை. கதை சொல்லச் சொன்னாள். சிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்த இடத்தில் நிறுத்தினேன். இருட்டில் சின்னக் குரல் மேலேறியது: “ம்?”