படம் சும்மா இருக்காது

வேலை முடிஞ்ச நேரத்துல விஷுவல் ரெட்டரிக், டிசைன்னு ஒரு பாடம் படிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொன்னா, கூடப் பொட்டி தட்டுற நண்பர்கள் கேக்குற முதல் கேள்வி, "போட்டோஷாப் கிளாஸா மாப்ளே?" ரெண்டாவது கேள்வி, "இன்ஜினியரிங் படிச்சவனுக்கு எதுக்குடா இந்த வேலை?" முதல் கேள்விக்கு "இல்லை"ங்கிற ஒரு வார்த்தை போதும். ரெண்டாவதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு :-)

ரெட்டரிக்னா என்ன? கேக்குறவங்களை ஒரு முடிவுக்குக் கொண்டு வர்ற மாதிரி பேசுற கலை. அரிஸ்டாட்டில் இதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதி வச்சார். நம்ம வள்ளுவர் 'சொல்வன்மை'ன்னு ஒரு அதிகாரமே வச்சிருக்கார், 65-வது. அதே காரியத்தை சொல்லால மட்டும் இல்லாம படம், நிறம், எழுத்தோட அளவு, எது மேலே எது கீழேங்கிற வரிசை இதையெல்லாம் வச்சு செஞ்சா அதுதான் விஷுவல் ரெட்டரிக். அவ்வளவுதான் மேட்டர்.

பாடத்துல முதல்ல வர்ற ஆள் ரோலான் பார்த். பிரெஞ்சுக்காரர். 1964-ல ஒரு பாஸ்தா விளம்பரத்தை எடுத்து வச்சு அலசினார். பன்சானிங்கிற கம்பெனியோடது. ஒரு வலைப்பை, அதுல பாஸ்தா பாக்கெட், சாஸ் டப்பா, அதோட தக்காளி, வெங்காயம், குடமிளகாய். இப்பத்தான் சந்தைக்குப் போய்ட்டு வந்து பையை இறக்கி வச்ச மாதிரி. நல்லா யோசிங்க. "டப்பாவுல அடைச்ச சாஸும் தோட்டத்துத் தக்காளியும் ஒண்ணுதான்"னு யாராவது வாயால சொன்னா "அதெப்படிங்க?"ன்னு சண்டைக்குப் போவோம். ரெண்டையும் ஒரே பைக்குள்ள வச்சுக் காட்டினா தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துடுவோம்.

"அட, விளம்பரம்னா அப்படித்தான். நாம போடுறது டேட்டா. நம்பர் பொய் சொல்லாது." இன்ஜினியர்கள் எல்லாரும் சொல்ற வசனம் இது. இங்கதான் நான் மாறுபடுறேன்.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் கிளம்பி சுமார் 82 வினாடியில, எரிபொருள் டேங்க்கிலேர்ந்து ஒரு நுரைத் துண்டு பிஞ்சு வந்து இடது இறக்கையில மோதுச்சு. உள்ளே 7 பேர். ஹரியானா கர்னால்ல பிறந்து, சண்டிகர்ல இன்ஜினியரிங் படிச்ச கல்பனா சாவ்லாவும் அதுல ஒருத்தர். மோதினது வீடியோவுல தெரிஞ்சுடுச்சு. சேதம் எவ்வளவு இருக்கும்னு போயிங் இன்ஜினியர்கள் கணக்குப் போட்டு, பவர்பாயிண்ட்ல நாசாவுக்குக் காட்டினாங்க. அதுல ஒரு ஸ்லைடு இன்னைக்கு உலகப் பிரசித்தம்.

தலைப்பு பெரிய எழுத்துல. படிச்சா, பழைய சோதனைகளைப் பார்த்தா நம்ம கணக்கு பத்திரமான பக்கம்தான் இருக்குங்கிற தொனி. அதுக்குக் கீழே ஒரு புள்ளி, புள்ளிக்குக் கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இன்னொரு புள்ளின்னு எழுத்து சின்னதாகிக்கிட்டே போகுது. எல்லாத்துக்கும் அடியில, கடைசி வரியிலதான் உண்மையான சேதி. மோதின துண்டோட அளவு 1920 கன அங்குலம்னு கணிப்பு. சோதனை பண்ணிப் பார்த்தது 3 கன அங்குலத் துண்டை வச்சு!

வகுத்துப் பாருங்க. 640 மடங்கு. அந்த 640-ங்கிற எண் ஸ்லைடுல எங்கயும் இல்லை. வகுக்குற வேலையை படிக்கிறவர் தலையில கட்டியாச்சு. 'சிக்னிஃபிகன்ட்'ங்கிற சொல் மட்டும் அஞ்சு தடவை வருது, ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு அர்த்தம். கன அங்குலத்தைக்கூட ஒரே ஸ்லைடுல மூணு விதமா எழுதியிருக்காங்க.

பிப்ரவரி 1-ம் தேதி திரும்பி வரும்போது கலம் உடைஞ்சு 7 பேரும் போய்ட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல வந்த விசாரணைக் குழு அறிக்கை, எட்வர்ட் டஃப்டிங்கிற தகவல் வடிவமைப்பு நிபுணர் இந்த ஸ்லைடை அலசினதை எடுத்துப் போட்டு, ஒரு மூத்த அதிகாரி இதைப் படிச்சுட்டு உயிர் போற விஷயம்னு புரிஞ்சுக்காம விட்டிருக்கலாம்னு சொல்லுச்சு.

ஸ்லைடு மட்டும்தான் கொன்னுச்சுன்னு நான் சொல்ல வரலை. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கணும்னு கேட்ட இன்ஜினியர்களோட கோரிக்கை எடுபடலை, நாசாவோட வேலை செய்யுற விதமே கோணல்னும் அதே அறிக்கை விலாவாரியா சொல்லுது. ஆனா ஒண்ணு கவனிங்க. ஆபத்தைச் சொல்ற எண் அந்த ஸ்லைடுல இருந்துச்சு. யாரும் ஒளிச்சு வைக்கலை. இடம் மட்டும்தான் தப்பு.

இன்னொரு கதை, 2000-ம் வருஷ அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடாவுல பாம் பீச் கவுன்ட்டி. வயசானவங்க நிறைய பேர், எழுத்து பெருசா தெரியட்டும்னு நல்ல எண்ணத்துல வேட்பாளர் பேரை ரெண்டு பக்கமா பிரிச்சு, நடுவுல ஓட்டை போடுற வரிசையை வச்சாங்க. இடது பக்கம் ரெண்டாவது பேர் அல் கோர். ரெண்டாவது ஓட்டையோ வலது பக்கத்துல இருந்த புக்கானனுக்கு. கோருக்கு மூணாவது! கோருக்குப் போட நினைச்ச 2,000 பேருக்கு மேல தவறுதலா புக்கானனுக்குக் குத்திட்டாங்கன்னு 2001-ல வந்த ஆய்வு சொல்லுச்சு. புஷ் மாநிலத்தை ஜெயிச்சது வெறும் 537 ஓட்டுல. நம்ம ஊர் வோட்டு மெஷினை நினைச்சுப் பாருங்க. ஒரே வரிசை, பேர், சின்னம், அதுக்கு நேரா ஒரு பொத்தான். விரல் வேற எங்கயும் போகாது. இதுவும் டிசைன்தான், யாரும் அப்படிச் சொல்றதில்லை.

சரி, நம்ம கதைக்கு வருவோம். முதல் வருஷம் மினி டிராஃப்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? ஃப்ரன்ட் வியூ, டாப் வியூ, ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜக்ஷன். ஒரு போல்ட்டை வரைஞ்சா உலகத்துல எந்த ஆள் பார்த்தாலும் அதே போல்ட்டாதான் தெரியணும். அதுக்கு ஒரு பேப்பர் முழுசா ஒதுக்கினாங்க. ஆனா வேலைக்கு வந்ததும் போல்ட்டா வரையுறோம்? சார்ட், ஸ்லைடு, டேஷ்போர்டு, ஸ்க்ரீன். இதுக்கு ஒரு மணி நேர வகுப்புகூட கிடையாது. "அழகு பண்றது டிசைனர் வேலை"ன்னு தள்ளி விட்டுடுறோம்.

வாராவாரம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல போடுறோமே, பச்சை, மஞ்சள், சிவப்பு. பத்து கட்டம் பச்சை, ஒண்ணு மஞ்சள். டேமேஜர் கண்ணுக்குத் தெரியுறது பச்சைக் காடு. அந்த ஒத்த மஞ்சள்தான் மொத்த ரிலீஸையும் கவுக்கப் போற மேட்டரா இருந்தாலும் அது ஒத்த கட்டம்தான். டேட்டா கரெக்ட். சேதி போய்ச் சேரலை. "நான் அதுல போட்டிருந்தேனே"ன்னு அப்புறம் சொல்றது எனக்கு ஒரு வாதமாவே படலை.

"இதைப் படிச்சா ஏமாத்தக் கத்துக்குவாங்களே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏமாத்துறவங்க ஏற்கனவே நல்லாப் படிச்சுட்டாங்க. நீங்க எடுக்காத பொருள் கூடையில தானா ஏறும், "வேண்டாம்"ங்கிற பொத்தான் மங்கலா ஓரத்துல நிக்கும், இல்லாத அவசரத்துக்கு ஒரு கடிகாரம் ஓடும். 2010-ல ஹாரி பிரிக்னல் இதுக்கு 'டார்க் பேட்டர்ன்'னு பேர் வச்சார். 2023 நவம்பர்ல நம்ம மத்திய அரசே 13 வகையைப் பட்டியல் போட்டு, இதெல்லாம் செய்யக் கூடாதுன்னு விதி கொண்டு வந்துச்சு. அந்த ஸ்க்ரீனுக்கு கோடு அடிச்சது யாரு? நம்மள மாதிரி ஒரு ஆள்தானே? இது ஏமாத்து வேலைன்னு அடையாளம் தெரிஞ்சாத்தானே "நான் பண்ண மாட்டேன்"னு சொல்ல முடியும்?

அதனால என் கட்சி இதுதான். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பக்கத்துலயே இதையும் ஒரு செமஸ்டர் வைக்கணும். அழகு பண்ண இல்லை, ஒரு பக்கத்தைப் பார்க்குறவர் என்ன முடிவுக்கு வருவார்னு யோசிக்கப் பழக்குறதுக்கு. அது வர்ற வரைக்கும் ஒரு சின்ன வழி இருக்கு. ஸ்லைடை அனுப்புறதுக்கு முன்னாடி விஷயம் தெரியாத ஒருத்தர்கிட்ட அஞ்சு செகண்ட் காட்டிட்டு மூடிடுங்க. என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்க. அவர் சொல்றதுதான் நீங்க சொன்னது. உள்ளே என்ன நம்பர் இருந்தாலும் சரி.

நாளைக்குக் காலையில எனக்கும் ஸ்டேட்டஸ் மீட்டிங். மஞ்சள் கட்டத்தை மேலே ஏத்தணும். வரட்டா?